போர்டு சான்றிதழ் இல்லாதவரிடம் கிளிப் போடலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. மேல்வரிசை முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தெத்துப்பல்லாக இருக்கின்றன. வலப்பக்க மேல் கோரைப்பல் போன வருடமே விழுந்து புதிதாக முளைத்துவிட்டது. இடப்பக்கம் இன்னும் பால்பல்தான் நிற்கிறது. கிளிப் போட மூன்று இடங்களில் விசாரித்தோம். எங்கள் குடும்பப் பல் மருத்துவர், தானே அலைனர் (கழற்றி மாட்டக்கூடிய தெளிவான பிளாஸ்டிக் உறை) போட்டுச் சரிசெய்வதாகச் சொல்கிறார். அலைனர் நிறுவனம் கொடுத்த சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார். இரண்டாமவர் ஆர்த்தடான்டிஸ்ட், அதாவது பல் சீரமைப்பு நிபுணர்; போர்டு சான்றிதழ் பெற்றவர் என்று வாசல் கண்ணாடியிலேயே எழுதியிருக்கிறது. மூன்றாமவரும் ஆர்த்தடான்டிஸ்ட்தான், என் தோழியின் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்தான் பார்த்தார், அவருக்குப் போர்டு சான்றிதழ் இல்லை. இரண்டாமவர் மூன்றாமவரைவிட 900 டாலர் அதிகம் கேட்கிறார். சான்றிதழ் என்பதெல்லாம் விளம்பரம் என்கிறார் என் கணவர். எனக்கோ, சான்றிதழ் இல்லாதவரிடம் பிள்ளையின் வாயைக் கொடுப்பது தவறோ என்று பயம். கோயம்புத்தூரில் இருக்கும் மாமியார், கோடை விடுமுறைக்கு வரும்போது அங்கேயே போட்டுவிடலாம் என்கிறார். என்ன செய்வது?
— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது சான்றிதழைப் பற்றி. ஆனால் கடிதத்தைப் படித்தவுடன் என் கண் நின்றது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய இன்னொரு வரியில்: இடப்பக்கப் பால்பல் இன்னும் விழவில்லை. அதைப் பற்றி விரிவாகவே எழுதப் போகிறேன். சான்றிதழின் பொருள் உங்களுக்கு விளங்குவதும் அந்தப் பல்லை வைத்துத்தான்.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். போர்டு சான்றிதழ் இல்லாத ஆர்த்தடான்டிஸ்ட் உரிமம் இல்லாதவர் அல்லர். அரைகுறையாகப் படித்தவரும் அல்லர். இந்தக் குழப்பத்துக்கு அந்தச் சொல்லே காரணம். அமெரிக்காவில் பல் மருத்துவத்தில் 'போர்டு' என்றால் இரண்டு வேறு அமைப்புகள். ஒன்று, மாநிலத்தின் பல் மருத்துவ வாரியம். உங்கள் மாநிலத்துக்கு நியூ ஜெர்சி வாரியம், பென்சில்வேனியாவில் ஆர்த்தடான்டிஸ்டாக இருக்கும் எனக்குப் பென்சில்வேனியா வாரியம். உரிமம் கொடுப்பதும், புகார் வந்தால் விசாரிப்பதும், தேவைப்பட்டால் உரிமத்தைப் பறிப்பதும் அதன் வேலை. அந்த உரிமம் இல்லாமல் யாரும் ஒரு பல்லைக்கூடத் தொட முடியாது. மற்றொன்று, அமெரிக்கன் போர்டு ஆஃப் ஆர்த்தடான்டிக்ஸ். இது அரசு அமைப்பு அன்று. ஆர்த்தடான்டிஸ்டுகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட தேர்வு வாரியம். இந்தத் துறைக்கு, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அமைத்த தேசிய ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரே சான்றிதழ் வாரியமும் இதுதான். வாசல் கண்ணாடியில் நீங்கள் பார்த்தது இதன் பெயரால் வந்தது. இதன் தேர்வை எழுதியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எந்த மருத்துவருக்கும் இல்லை. விருப்பப்பட்டு எழுதுகிற தேர்வு.

கட்டாயம் எங்கே இருக்கிறது என்றால் அதற்கு முந்தைய படியில். இங்கே நான்கு ஆண்டுகள் பல் மருத்துவம் படித்து டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டம் வாங்கியவர் பொதுப் பல் மருத்துவர். அதன்பின் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள், முழுநேரமும், பற்களை நகர்த்துவதையும் தாடை வளர்ச்சியையும் மட்டுமே படித்துப் பயிற்சி எடுத்தவர்தான் ஆர்த்தடான்டிஸ்ட். ஊரில் பி.டி.எஸ். முடித்தபின் மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பது போல. உங்கள் பட்டியலில் இரண்டாமவரும் மூன்றாமவரும் இந்தப் படியைத் தாண்டியவர்கள். குடும்பப் பல் மருத்துவர் தாண்டவில்லை. நீங்கள் கோடு கிழிக்க வேண்டிய இடம் இதுதான். சான்றிதழ் உள்ளவர், இல்லாதவர் என்று கிழித்தால், பெரிய வித்தியாசத்தை விட்டுவிட்டுச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டவர்களாவோம்.

உங்கள் குடும்பப் பல் மருத்துவரைக் குறைத்துப் பேசவில்லை. பொதுப் பல் மருத்துவர் கிளிப் போடுவதற்கும் அலைனர் போடுவதற்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. லேசான இடைவெளியை மூடுவது போன்ற எளிய வேலைகளை நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் அலைனர் சான்றிதழ் வேறு வகை. ஒரு நிறுவனம் தன் பொருளைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்த குறுகிய பயிற்சிக்கு அடையாளம் அது. தங்கம், வைரம் என்று அதன்மேல் ஏறும் பட்டங்களும் எத்தனை நோயாளிகளுக்கு அந்தப் பொருளைப் போட்டார் என்ற எண்ணிக்கையில் வருபவை. உங்கள் கணவர் விளம்பரம் என்று சொல்வது இதற்குப் பொருந்தும். போர்டு சான்றிதழுக்குப் பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே மருத்துவத்தில் முதன்முதலாக இப்படி ஒரு தேர்வு வாரியம் அமைத்தவர்கள் கண் மருத்துவர்கள், 1916இல். பல் மருத்துவத்தின் எல்லாப் பிரிவுகளிலும் முந்திக்கொண்டவர்கள் நாங்கள். 1929இல், கொலராடோவில் எஸ்டெஸ் பார்க் என்ற மலையூரில் நடந்த துறைக் கூட்டத்தில் இந்த வாரியம் பிறந்தது. அதற்கு முன்னின்றவர் டென்வரைச் சேர்ந்த ஆல்பர்ட் கெச்சம். அவர் அந்தக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிளிப் போட்ட பற்களை எக்ஸ்ரே எடுத்து எடுத்து, சிலருக்கு வேர் நுனி கரைந்து குட்டையாகிப் போயிருப்பதைக் கண்டு, 1920களின் இறுதியில் அதை எழுதி வெளியிட்டார். வெளியே அழகாக நிற்கும் பல். ஈறுக்குள்ளே வேர் தேய்ந்திருக்கிறது. தன் தொழில் செய்யும் தீங்கைத் தானே படம்பிடித்துச் சக மருத்துவர்கள் முன் வைத்தவர், அதே காலத்தில் 'நம் வேலையை நாமே சோதித்துக்கொள்வோம்' என்று ஒரு வாரியத்தையும் அமைத்தார். இரண்டும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தச் சான்றிதழின்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இதுவே முதல் காரணம்.

தேர்வு இரண்டு கட்டம். முதலாவது எழுத்துத் தேர்வு; பெரும்பாலோர் பயிற்சி முடியும் தறுவாயில் எழுதிவிடுவார்கள். இரண்டாவதுதான் கடினம். நான் எழுதிய காலத்தில், நாமே சிகிச்சை முடித்த ஆறு நோயாளிகளின் முழுக் கணக்கையும் வாரியத்தின் முன் வைக்கவேண்டும்: ஆரம்ப எக்ஸ்ரே, முடிவு எக்ஸ்ரே, புகைப்படங்கள், பற்களின் பிளாஸ்டர் மாதிரிகள், எந்தப் பல்லை எதற்காக எப்படி நகர்த்தினோம் என்ற விளக்கம். எளிதான வாய்களாகப் பொறுக்கிக்கொள்ளவும் முடியாது. எவ்வளவு சிக்கலான வாய் என்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு, அது குறிப்பிட்ட அளவைத் தாண்டவேண்டும்.

அந்த மாதிரிகளைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் அடுக்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் செயின்ட் லூயிஸ் போனது இன்றும் நினைவிருக்கிறது. மாதிரிகளை அளப்பதற்கென்றே வாரியத்துக்கு ஓர் உலோக அளவுகோல் உண்டு. விரல் நீளம்கூட இருக்காது. பல் வரிசையிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் மன்னிப்பு. அரையைத் தாண்டினால் ஒரு புள்ளி போகும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் இரண்டு. பற்கள் உரசும் இடம், மேலும் கீழும் கடிக்கும் இடம், பல் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்ந்திருப்பது, எக்ஸ்ரேயில் வேர்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்பது என்று எட்டு வகையில் கழிப்பார்கள். ஒரு நோயாளியின் கணக்கில் முப்பது புள்ளி போனால் தேறுவது கஷ்டம்.

அனுப்புவதற்கு முன் நானே அந்த அளவுகோலை வாங்கி, என் ஆறு மாதிரிகளையும் இரவில் மேசை விளக்கின் கீழ் அளந்தேன். முன்பற்கள் எல்லாம் கச்சிதம். கடைசியில் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பற்களில் கோலை வைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஆறில் நான்கு வாய்களில் அந்தப் பல் பக்கத்துப் பல்லைவிட ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. கிளிப் கழற்றிய அன்று அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் கண்ணாடியைப் பார்த்து மகிழ்ந்து, எனக்கு இனிப்பு கொடுத்துவிட்டுப் போனவர்கள். யாரும் கடைவாயைப் பார்க்கவில்லை. நானும் பார்த்திருக்கவில்லை. தேறிவிட்டேன், ஆனால் அன்றிலிருந்து யாருக்குக் கிளிப் கழற்றுவதற்கு முன்னும் கடைசிப் பல்லிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன். சான்றிதழ் எனக்குச் செய்த நன்மை அதுதான், சகோதரி. சட்டம் போட்டு மாட்டிய காகிதம் என்னிடம் அறையில் ஒரு மூலையில் இருக்கிறது. அளவுகோல் மேசை இழுப்பறையில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

2019இலிருந்து முறை மாறிவிட்டது. இப்போது சொந்த நோயாளிகளைக் கொண்டுபோக வேண்டியதில்லை. வாரியமே நோயாளிகளின் படங்களையும் விவரங்களையும் கொடுத்து, என்ன கோளாறு, என்ன திட்டம், நடுவில் இப்படியொரு சிக்கல் வந்தால் என்ன செய்வீர்கள், முடிவு எப்படி வந்திருக்கிறது என்று துருவிக் கேட்கிறது. பழைய முறை போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அளவுகோல் கற்றுக்கொடுத்ததை வேறெதுவும் கற்றுக்கொடுக்காது. ஆனாலும் மாற்றம் நியாயமானது. பழைய முறையில் நூறு வாய்களிலிருந்து அழகாக முடிந்த ஆறைத் தேர்ந்தெடுத்துக் காட்டலாம். வேலை மாறி ஊர் மாறிப் போகிற இளம் மருத்துவர்களோ, தொடங்கிய நோயாளியை முடிக்க வழியில்லாமல் தேர்வையே கைவிட்டார்கள். ஆக, முன்பு சான்றிதழ் வாங்கியவர் தன் கை வேலையைக் காட்டி வாங்கினார். இப்போது வாங்குபவர் தன் சிந்தனையைக் காட்டி வாங்குகிறார். இப்போது வாங்குபவர்கள் அதைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

அப்படியானால் உங்கள் மூன்றாமவர் ஏன் வாங்கவில்லை? அவரிடமே கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பொது மருத்துவத்தில் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் போர்டு சான்றிதழைக் கேட்கும். எங்களில் பெரும்பாலோர் சொந்த கிளினிக்கில் வேலை செய்பவர்கள், கேட்பதற்கு ஆளில்லை. கடன் கட்டி, கிளினிக் தொடங்கி, பிள்ளை பெற்று வளர்க்கும் வருடங்களில் தேர்வு தள்ளிப்போய், பிறகு நின்றே போனவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அவர்களில் இருவரிடம் என் சொந்த மகனைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேன். சான்றிதழ் இருப்பது ஒருவருக்குக் கூடுதல் மதிப்பு. இல்லாதது குறை என்று கணக்கில் எழுதக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தத் தேர்வு அளக்காத விஷயங்கள் பல. மாதாமாதம் உங்கள் மகளின் வாயைப் பார்க்கப்போவது மருத்துவரா, உதவியாளரா? அரைமணி நேரம் காத்திருந்து அரைநிமிடம் பேசுகிற இடமா? கம்பி குத்துகிறது என்று சனிக்கிழமை போன் செய்தால் எடுப்பார்களா? பல் துலக்கவில்லை என்றால் பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்வார்களா? கிளிப் கழற்றும்போது, அது ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைச் சதுரங்கள் விழுந்த பற்களை நான் பார்த்திருக்கிறேன். பல் நேராகியும் அந்தப் பையன் சிரிக்கக் கூசினான். எந்த வாரியத்தின் சான்றிதழும் அதைத் தடுக்காது.

இனி அந்தப் பால்பல்.

மேல் கோரைப்பல் பொதுவாகப் பதினோரு, பன்னிரண்டு வயதில் முளைக்கும். அதற்கு ஓரிரண்டு ஆண்டுகள் முன்பே, பால் கோரைப்பல்லுக்கு மேலே உதட்டை ஒட்டிய ஈறில் விரலை வைத்தால் ஒரு புடைப்பு தட்டுப்படும். ஒரு பக்கம் முளைத்து, மறுபக்கம் பால்பல் ஆடாமல் நின்றால், உள்ளே வரவேண்டிய பல் வழி தவறி அண்ணத்துப் பக்கம் படுத்திருக்கிறதோ என்ற சந்தேகம் உடனே வரவேண்டும். நூற்றில் இரண்டு பேர் வரை இப்படி ஆவதுண்டு. அப்படிப் படுத்திருக்கும் பல் சும்மா இருப்பதில்லை. சில பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் வெட்டுப்பல்லின் வேரைச் சத்தமில்லாமல் கரைத்துவிடும். வலி இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கெச்சம் பார்த்த அதே வேர்க்கரைவுதான், வேறு காரணத்தால்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வேறோர் இடத்தில் ஒன்றரை ஆண்டு அலைனர் போட்டு, முன்பற்கள் முத்துச்சரம்போல நின்றன. ஒரு வெட்டுப்பல் மட்டும் ஆடுகிறது என்று அழைத்து வந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தேன். கோரைப்பல் உள்ளே குறுக்கே படுத்திருந்தது. வெட்டுப்பல்லுக்கு வேர் பாதிகூட இல்லை. தொடக்கத்தில் எடுத்த முழுத்தாடை எக்ஸ்ரேயைக் கேட்டேன். எடுக்கவே இல்லை என்றார்கள். அந்த இடத்திலும் சுவரில் சான்றிதழ் இருந்ததாம்.

இப்போது தெரிகிறதா, எழுத்திலும் வாய்மொழியிலும் அந்த வாரியம் ஏன் 'என்ன கோளாறு' என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறது என்று? கம்பியை முறுக்குவது கைப்பழக்கம். எதை நகர்த்தக் கூடாது என்று தெரிவதற்குத்தான் அத்தனை ஆண்டுப் படிப்பு.

உங்கள் மகளுக்கு இப்படித்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தாமதமாக முளைக்கும் சாதாரணப் பல்லாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் விடக் கூடாது, காரணமும் சொல்கிறேன். எரிக்சன், குரோல் என்ற இருவர் ஸ்வீடனில் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி அண்ணத்துப் பக்கம் திரும்பிய 46 கோரைப்பற்களுக்கு, தக்க வயதில் பால்பல்லை மட்டும் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தார்கள். 78 சதவீதம் தானாக வழிக்குத் திரும்பின. அது பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் செய்யவேண்டிய காரியம். உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு. அந்த வயது தாண்டினால் ஈறைத் திறந்து, உள்ளே இருக்கும் பல்லில் சங்கிலி ஒட்டி இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கும். அதுவும் நடக்கும், ஆனால் நீண்ட வேலை.

மாமியாரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்: கோவையில் திறமைக்குக் குறைவில்லை, நல்ல எம்.டி.எஸ். மருத்துவர்கள் இருக்கிறார்கள். தடை தூரம்தான். கிளிப் போடுவது ஒருநாள் வேலை. அதை நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துச் சரிசெய்வது ஒன்றரை, இரண்டு ஆண்டு வேலை. ஒருவர் திட்டம் போட்டுத் தொடங்கியதை இன்னொரு நாட்டில் இன்னொருவர் முடிப்பது, பாதி தைத்த சட்டையை வேறு தையற்காரரிடம் கொடுப்பதுபோல. பலர் வாங்கிக்கொள்ளவே தயங்குவார்கள். தொடங்குகிற இடத்திலேயே முடிக்கவேண்டும்.

ஆகவே அலைனரை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இரண்டு ஆர்த்தடான்டிஸ்டுகளிடமும் போய் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இடப்பக்கக் கோரைப்பல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்." நீங்கள் சொல்வதற்கு முன்பே முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்து, விரலால் ஈறைத் தடவிப் பார்த்து, பக்கத்துப் பல்லின் வேர் எப்படி இருக்கிறது என்று திரையில் காட்டி, உங்களுக்குப் புரியும்வரை சொல்பவர் யாரோ அவரிடம் பிள்ளையைக் கொடுங்கள். இருவரும் அப்படிச் செய்தால் தோழி அனுபவத்தில் கண்டவரிடமே போகலாம். 900 டாலரை மிச்சப்படுத்தியதற்காக வருந்த வேண்டியதில்லை. மூன்றாமவர் அந்தப் பல்லைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் கம்பியின் நிறத்தைக் கேட்டால், கூடுதல் பணத்தைக் கொடுத்து இரண்டாமவரிடம் போங்கள். போவதற்கு முன், இருவருடைய உரிமமும் மாநில வாரியத்தின் இணையப் பக்கத்தில் நடப்பில் இருக்கிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். போர்டு சான்றிதழையும் அந்த வாரியத்தின் பக்கத்தில் பெயரை இட்டுச் சரிபார்க்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

எக்ஸ்ரே ஒருவரிடம் எடுத்தால் போதும். அதன் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு; அதையே அடுத்தவரிடம் காட்டுங்கள், பிள்ளைக்கு இரண்டாவது முறை எடுக்கவேண்டாம். கோடை விடுமுறை வரை காத்திருக்காமல் இந்த மாதமே போங்கள். போகுமுன் இன்றிரவு, மகள் பல் துலக்கியபின், கையைக் கழுவிக்கொண்டு அந்தப் பால்பல்லுக்கு மேலே ஈறில் விரலை வைத்துப் பாருங்கள். வலப்பக்கத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள். புடைப்பு தட்டுப்பட்டதா இல்லையா என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.